பார்ப்பவருக்குப் பட்டா, கலக்குபவருக்கு விளக்குமாறு

"நான் பார்த்துச் சரி என்று சொல்கிற வரைக்கும் அடுத்த வேலையில் கை வைக்காதே."

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. நாற்று நட்ட நம் பாட்டிகள் வரப்பில் குடை பிடித்து நின்றவரிடம் கேட்டார்கள். சித்தாள் வேலைக்குப் போன அம்மாக்கள் மேஸ்திரியிடம் கேட்டார்கள். சட்டை தைக்கும் கம்பெனிக்குப் போன அக்காக்கள் சூப்பர்வைசரிடம் கேட்டார்கள். மருந்து கலக்கும் அறையில் ஒரு கேமராவை வைத்து, தொலைவில் இருந்தபடி இதையே சொன்னால் அது கண்டுபிடிப்பு ஆகிவிடும், அதற்குச் சொந்தக்காரர் உண்டு, மற்றவர்கள் செய்தால் வழக்குப் போடலாம் என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2013-இல் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தது. பிரச்சினைக்குள்ளான பகுதிகள் செல்லாது என்று ஒரு நீதிமன்றம் சொல்வதற்கு 2021 மே மாதம் ஆகிவிட்டது.

இப்படி ஒரே வரியில் சுருக்குவது நியாயமா என்று சட்டம் படித்த தோழர்கள் கேட்பார்கள். விவரமாகவே சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் இதை எழுதும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். நான் டி.பார்ம் படித்து, பிறகு பி.பார்ம் முடித்தவள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். இப்போது சென்னையில் காப்புரிமைத் தேடல் செய்யும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க வக்கீல்கள் ஒரு காப்புரிமையை அனுப்புவார்கள். அதில் புதுசு என்று சொல்லியிருப்பதை அதற்கு முன்பே உலகத்தில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று நாங்கள் தேட வேண்டும். பழைய விண்ணப்பம், கல்லூரி ஆய்வேடு, கருவியோடு வரும் கையேடு, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு தாள் கிடைத்தால் போதும், கோடிக்கணக்கான டாலர் பெறும் காப்புரிமை ஆட்டம் கண்டுவிடும். நான் சொல்லப்போகும் வழக்கில் எங்கள் அலுவலகத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க அந்தத் தீர்ப்பை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தின் காரணத்தை வகுப்பில் சொல்ல முடியாது. இங்கே சொல்லலாம்.

காப்புரிமையின் எண் 8554579. உரிமையாளர் கொலராடோ மாநிலத்தில் உள்ள பாக்ஸ்டர் எங்கிள்வுட் நிறுவனம், அதாவது சலைன் பைகளும் டயாலிசிஸ் பொருட்களும் விற்கும் பாக்ஸ்டர் குழுமத்தைச் சேர்ந்தது. எதிர்த்து வந்தது பெக்டன் டிக்கின்சன். அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்ட எல்லோரும் சிரிஞ்சின் மேல் 'பிடி' என்ற எழுத்துகளைப் பார்த்திருப்போம். அதே கம்பெனிதான்.

சண்டை எதைப் பற்றியது? பெரிய மருத்துவமனைகளில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்துகளை நோயாளிக்கு நோயாளி தனித்தனியாகக் கலக்க வேண்டியிருக்கும். புற்றுநோய் மருந்து, குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துக் கரைசல், ஆன்டிபயாடிக் என்று நாளெல்லாம் நடக்கும். கலக்குகிறவர் பெரும்பாலும் மருந்தாளுநர் இல்லை, டெக்னீஷியன். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்வார். மருந்தாளுநர் சரிபார்த்தால்தான் மருந்து வெளியே போகலாம்.

எப்படிச் சரிபார்ப்பது? பழைய வழக்கம் ஒன்று உண்டு. டெக்னீஷியன் மருந்தைப் பைக்குள் செலுத்தி முடித்த பிறகு, காலி சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுத்து, எத்தனை மில்லி போட்டாரோ அந்தக் கோட்டில் நிறுத்தி, பக்கத்தில் காலிக் குப்பியை வைத்துவிடுவார். மருந்தாளுநர் வந்து அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். உண்மையில் எவ்வளவு போட்டார் என்பதை அது காட்டாது. எவ்வளவு போட்டதாக அவர் நினைக்கிறார் என்பதை மட்டும்தான் காட்டும். இந்தக் குறையைத் தீர்க்கக் கேமரா வந்தது. குப்பியின் லேபிளை ஒரு படம், சிரிஞ்சில் மருந்து நிற்கும் கோட்டை ஒரு படம் என்று படிக்குப் படி எடுத்து அனுப்பினால், மருந்தாளுநர் வேறு மாடியில் இருக்கலாம், வேறு ஊரிலும் இருக்கலாம். திரையில் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு மறுப்பில்லை.

இந்த ஏற்பாடு முழுவதையும் தாங்கள்தான் முதலில் யோசித்தோம் என்று பாக்ஸ்டரால் சொல்ல முடியாது. தொலைவிலிருந்து மருந்தாளுநர் மேற்பார்வை செய்யும் முறையை விவரிக்கும் ஒரு விண்ணப்பம், அலெக்சாண்டர் என்பவர் பெயரில், 2005-லேயே வெளியாகியிருந்தது. ஆகவே வித்தியாசம் காட்ட இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று, ஒரு படி சரி என்று உறுதியானால்தான் அடுத்த படிக்கு டெக்னீஷியன் போக முடியும். இரண்டு, திரையில் வரும் வேலைக் குறிப்புகளில் ஒன்றைத் தொட்டுத் துலக்கிக் காட்டினால் அதைப் பற்றிய கூடுதல் விவரம் வரும். இவ்வளவுதான். உலகத்தின் மிகப் பெரிய மருத்துவக் கருவி நிறுவனங்களில் இரண்டு, ஒரு வரியை மஞ்சள் ஆக்குவது யாருடைய மூளையில் உதித்தது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடின.

முதல் விஷயத்தில் நடந்த வாதம் இன்னும் அழகு. அலெக்சாண்டரின் விண்ணப்பத்தில், மருந்தாளுநர் ஒவ்வொரு படியையும் 'சரிபார்க்கலாம்' என்று எழுதியிருந்தது. காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை வாரியம் அந்தச் சொல்லின் விகுதியைப் பிடித்துக்கொண்டது. 'லாம்' என்றால் கட்டாயம் இல்லையே? அப்படியானால் சரிபார்க்காவிட்டாலும் டெக்னீஷியன் அடுத்த படிக்குப் போயிருக்க முடியுமே? ஆகவே 'சரிபார்க்கும் வரை நில்' என்பது புதிய கண்டுபிடிப்புதான்! இப்படி ஒரு முடிவு. மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் சாதாரண புத்தியோடு கேட்டது. படிக்குப் படி சரிபார்க்கும் முறையைக் கையாளும்போது, தவறு என்று தெரிந்த பிறகும் அடுத்த படிக்குப் போக விடுவார்களா? அந்தத் துறையில் வேலை தெரிந்த யாருக்கும் இது வெளிப்படை என்று சொல்லி, 1 முதல் 13 வரையிலும் 22-ஆவதுமான உரிமைக் கோரல்களைச் செல்லாதவை ஆக்கியது.

நடுவில் இன்னொரு வேடிக்கை. பெக்டன் டிக்கின்சன் ஆதாரமாகக் காட்டிய பழைய காப்புரிமைகளில் ஒன்று லிஃப் என்பவருடையது. அதுவும் தொலை மருந்தகம் தொடர்பானதுதான். அதன் கோரல்கள் 2018-இல் ரத்தாகியிருந்தன. 'செத்துப்போன காப்புரிமை எப்படிச் சாட்சி சொல்லும்' என்று பாக்ஸ்டர் கேட்டது. 'வழங்கப்பட்டது வழங்கப்பட்டதுதான், பிறகு ரத்தானாலும் சாட்சி செல்லும்' என்றது நீதிமன்றம். இந்தப் பகுதியை என் மாணவர்கள் எப்போதும் ரசிப்பார்கள்.

பெக்டன் டிக்கின்சன் ஜெயித்ததால் நான் கைதட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களும் அதே சந்தையில் கடை விரித்திருப்பவர்கள். தன் சரக்கு விற்கத் தடையாக இருந்த வேலியை அவர்கள் பிடுங்கினார்கள், அவ்வளவுதான். பிடுங்குவதற்கு அவர்களிடம் பணம் இருந்தது. இப்படி ஒரு சவாலை நடத்த வக்கீல் செலவே லட்சக்கணக்கில் டாலர் ஆகும். ஒரு சின்ன ஊர் மருத்துவமனை, தன் சொந்தக் கேமராவும் நாலு வரிக் கணினிக் கட்டளையும் வைத்து இதே வேலையைச் செய்ய நினைத்தால், வழக்கு வரும் என்ற பயத்திலேயே கைவிட்டுவிடும்.

காப்புரிமை என்பது ஒன்றைச் செய்வதற்கான உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சட்டப்படி அது மற்றவரை விலக்கும் உரிமை. 20 ஆண்டுகளுக்கு இந்த எல்லைக்குள் வராதே என்று சொல்லும் உரிமை. விலக்கும் உரிமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வாசகர்களுக்கு வேறு சில எல்லைகள் நினைவுக்கு வரும். கிணறு, தெரு, பள்ளிக்கூடம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. காப்புரிமைக்குக் காலக்கெடு உண்டு, அந்த இன்னொன்றுக்குக் கெடுவே வைக்கவில்லை. ஆனால் விலக்குவதே ஒரு சொத்தாக எப்படி மாறுகிறது என்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

என் கோபத்தின் காரணத்துக்கு வருகிறேன். தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் படித்தபோது நான் தேடியது அந்த டெக்னீஷியனை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு நிற்கிறாரே, அவர். வழக்கு முழுவதும் அவரைச் சுற்றித்தான் நடக்கிறது. அவர் எப்போது நிற்க வேண்டும், எப்போது நகரலாம், திரையில் எதைத் தொடலாம் என்பதுதான் சொத்து. ஆனால் அவருக்கு அதில் ஒரு பெயர்கூட இல்லை. காப்புரிமையில் அவர் 'இயக்குபவர்'. அலெக்சாண்டரின் விண்ணப்பத்தில் அவர் 'மருந்தாளுநர் அல்லாதவர்'.

அல்லாதவர். என்ன செய்கிறார் என்பதை விட்டுவிட்டு, என்னவாக இல்லை என்பதை வைத்துப் பெயர் சூட்டுகிறார்கள். அவர்ணர் என்று நம்மை அழைத்தவர்களும் இதே இலக்கணத்தைத்தான் கையாண்டார்கள். 'நாமே பார்ப்பனரல்லாதார் என்று 1916-இல் அறிக்கை விட்டோமே' என்று யாராவது மடக்குவீர்கள். மடக்குங்கள். அது நாம் எடுத்துக்கொண்ட பெயர், யார் ஆதிக்கத்தை எதிர்க்கிறோம் என்று சுட்டிக்காட்ட. இது அடுத்தவர் ஒட்டிய சீட்டு. இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம்.

அந்த 'அல்லாதவர்' யார்? அமெரிக்காவில் மருந்தக டெக்னீஷியன்களில் பெரும்பாலோர் பெண்கள். பாக்ஸ்டர் தோற்ற அதே 2021-இல், அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி ஒரு மருந்தாளுநரின் ஆண்டு ஊதிய இடைநிலை சுமார் 1,28,000 டாலர். டெக்னீஷியனுக்கு 37,000 டாலருக்கும் கீழே. படிப்புக்கு ஏற்ற வேறுபாடு இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் குப்பி நுரைக்கும், எந்தத் தூள் கரையாமல் அடியில் தங்கும், எந்த ரப்பர் மூடி ஊசி குத்தினால் துணுக்காக உதிரும் என்பதெல்லாம் அந்தக் கைக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கேட்டார்கள், கிடைத்தது. சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் விளக்கினார். அமெரிக்காவில் சாதி இல்லாத இடத்திலும் இந்த அடுக்கு எவ்வளவு இயல்பாக ஒரு சட்ட ஆவணத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்.

'மேற்பார்வையே வேண்டாம் என்கிறாயா? உயிர் போகிற விஷயம் இல்லையா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் நகரக்கூடாது. உயிர் போயிருக்கிறது. 2006-இல் ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் எமிலி ஜெர்ரி என்ற இரண்டு வயதுக் குழந்தை, புற்றுநோய் சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் இறந்துபோனாள். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக உப்பு இருக்க வேண்டிய கரைசலில் 20 சதவீதத்துக்கும் மேல் உப்பு இருந்தது. கலக்கியவர் ஒரு டெக்னீஷியன். சரிபார்த்த மருந்தாளுநர் தவறைக் கவனிக்கவில்லை. அன்று கணினி பழுதாகி வேலை தேங்கிக் கிடந்தது, அவசரப்படுத்தினார்கள் என்பதெல்லாம் பின்னர் வெளிவந்தது. மருந்தாளுநர் உரிமத்தை இழந்தார், ஆறு மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார்.

ஆகவே மேற்பார்வை வேண்டும். கேமரா வேண்டும். படிக்குப் படி நிறுத்திப் பார்ப்பதும் வேண்டும். எமிலியின் சாவிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் எல்லா மருத்துவமனைக்கும் பொதுவானது, அதற்கு வேலி போட யாருக்கும் உரிமை கிடையாது என்பதுதான் என் வழக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சாவுக்குப் பிறகு அக்குழந்தையின் பெற்றோர் போராடி 2009-இல் கொண்டுவரச் செய்த ஒஹையோ சட்டம் என்ன கேட்டது? டெக்னீஷியன்களுக்குக் குறைந்தபட்சத் தகுதி வேண்டும், தேர்வு வேண்டும் என்று கேட்டது. அதுவரை அந்த மாநிலத்தில் அது கட்டாயம் இல்லை! குழந்தைகளின் ரத்தத்தில் கலக்கும் கரைசலைத் தயாரிக்கும் கைக்குப் பயிற்சி இருக்கிறதா என்று அரசு கேட்கவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கையைப் பயிற்றுவி என்றார்கள். கம்பெனிகள் கண்ணை விற்றுக்கொண்டிருந்தன.

தொலை மேற்பார்வை என்ற யோசனையே தனியார் மூளையின் கொடை என்ற கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். வடக்கு டகோட்டா என்று ஒரு மாநிலம். கோதுமை வயல்களும் பனியும்தான். சின்ன ஊர்களில் மருந்துக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மருந்தாளுநர்கள் ஓய்வுபெற்றார்கள், புதிதாக யாரும் வரவில்லை. 2001-இல் அம்மாநில மருந்தக வாரியம் விதியை மாற்றியது. கடையில் பதிவுபெற்ற டெக்னீஷியன் இருக்கட்டும், மருந்தாளுநர் வேறு ஊரிலிருந்து வீடியோவில் பார்த்து ஒப்புதல் தரட்டும், நோயாளியிடமும் வீடியோவிலேயே பேசட்டும் என்றது. அமெரிக்காவில் இப்படி அனுமதித்த முதல் மாநிலம் அது. அடுத்த ஆண்டு, அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் கல்லூரி, நடுவண் அரசின் நிதியோடு இதை ஒரு திட்டமாக நடத்தத் தொடங்கியது. வாரியத்தின் விதி, மக்களின் வரிப்பணம், பல்கலைக்கழகத்தின் உழைப்பு, ஊரைவிட்டுப் போகாமல் கடையைத் தாங்கிய டெக்னீஷியன்கள். இவ்வளவு பேர் உழுத நிலத்தில், தொலை மருந்தகத்தின் ஒரு வரப்பு என்னுடையது, இன்னொரு வரப்பு உன்னுடையது என்று பட்டா கேட்டு நிற்பவர்களை என்ன சொல்வது?

இதெல்லாம் அமெரிக்கக் கதைதானே, நமக்கென்ன என்று இந்த இடத்தில் நீங்கள் நழுவக்கூடும். நான் மருந்து வேலை கற்றுக்கொண்ட இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

கடலூர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். கல்லூரி முடிந்து மாலையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்கு நின்றேன். கடையின் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பார்மசிஸ்ட்டின் சான்றிதழ் தொங்கியது. அந்தப் பார்மசிஸ்ட்டை நான் பார்த்தது மாதம் ஒருமுறை, வாடகை வாங்க வரும்போது. சான்றிதழுக்குத்தான் வாடகை. அவர் வேறு எங்கோ மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தார். கடையை நடத்தியது ஓர் அண்ணன். எங்கள் காலனிக்காரர். பத்தாம் வகுப்பு. பதினான்கு ஆண்டு அனுபவம். எந்த டாக்டரின் கையெழுத்தும் அவருக்கு அச்சடித்த மாதிரி.

ஒருநாள் கூட்ட நேரத்தில், குழந்தைக்கு எழுதிய பாராசிட்டமால் சிரப்புக்குப் பதில் சொட்டு மருந்தை எடுத்து, மூடியில் '5 மில்லி' என்று எழுதிக் கொடுக்கப் போனேன். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100. நான்கு மடங்கு. கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தவர் பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கினார். அந்தத் தாய்க்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம் போன பிறகு, "தங்கச்சி, லேபிளப் படிச்சிட்டுத்தான் பேனாவத் தொடணும்" என்றார். படித்துக்கொண்டிருந்தவள் நான். மேற்பார்வை செய்தவர் 'அல்லாதவர்'.

டிரக் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றால் முன்கூட்டியே போன் வந்துவிடும். சான்றிதழ்க்காரர் பைக்கில் பறந்து வந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். முதலாளி அண்ணனைப் பார்த்து, "விளக்கமாத்த எடு" என்பார். நான் இருந்தபோது இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை இன்ஸ்பெக்டர் அவரைக் காட்டி யார் என்று கேட்டார். "பெருக்குற பையன் சார்." அண்ணனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவர் உண்மையிலேயே பெருக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பெருக்கியிருந்த தரையை.

பெருக்குவதற்கு அந்தக் காலனிக்காரரைத்தான் இன்ஸ்பெக்டர் நம்புவார் என்று முதலாளிக்குத் தெரியும். அவர் தேர்ந்தெடுத்த வேடம் தற்செயல் இல்லை. கணக்குப்பிள்ளை என்று சொல்லியிருக்கலாமே? சொல்லத் தோன்றாது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் 65-ஆவது விதிப்படி, மருத்துவச் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளுநரால், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். நடைமுறை எப்படி என்று மருந்து வாங்கும் உங்களுக்கே தெரியும். இன்று அல்லது நாளை ஒரு ஸ்டார்ட்-அப் காரர் வந்து நிற்பார். 'நேரடி மேற்பார்வைக்கு வீடியோ போதும், ஒரு மருந்தாளுநர் இருபது கடையைத் திரையில் பார்ப்பார், வாடகைச் சான்றிதழ் ஊழல் ஒழியும்' என்பார். கேட்க நன்றாக இருக்கும். அண்ணனுக்குப் பயிற்சியும் பதிவும் தராமல் அந்தத் திரையை மட்டும் மாட்டினால், சுவரில் தொங்கிய சான்றிதழ் கொஞ்சம் அசையும், பேசும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் திரைக்கும் ஒரு காப்புரிமை இருந்துவிட்டால், கடைக்காரர் சான்றிதழ்க்காரருக்குக் கொடுத்த வாடகையோடு கம்பெனிக்கும் வாடகை கட்ட வேண்டும். இரண்டும் அண்ணன் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கப்படும்.

கைப்பழக்கத்தை மதிக்கவே முடியாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டமே தன் முதல் பதிவேட்டில், ஐந்து ஆண்டுகள் மருந்து கலக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தது. பிறகு அந்த வழி அடைபட்டது. அதை அப்படியே திற என்று நான் கேட்கவில்லை. எமிலியின் கதையைச் சொல்லிவிட்டு அப்படிக் கேட்க முடியாது. பயிற்சி கொடு, தேர்வு வை, தேறியவருக்கு டெக்னீஷியன் என்று பதிவும் ஊதியமும் கொடு, பிறகு வீடியோவைப் பற்றிப் பேசலாம் என்கிறேன். வடக்கு டகோட்டா அந்த வரிசையில்தான் செய்தது. பதிவுபெற்ற டெக்னீஷியன் முதலில், கேமரா அடுத்து.

காப்புரிமைப் பக்கம் நம் சட்டத்தில் ஒரு நல்ல பூட்டு இருக்கிறது. 1970 காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3, உட்பிரிவு கே. வணிக முறைக்கும், வெறும் கணினி நிரலுக்கும் காப்புரிமை கிடையாது. அந்தப் பூட்டை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கணினி சார்ந்த கண்டுபிடிப்பில் 'தொழில்நுட்ப விளைவு' இருந்தால் தடை பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. வணிக முறை மீதான தடை முழுமையானது என்று 2023-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே வரப்போகும் விண்ணப்பங்கள் 'மேற்பார்வை முறை' என்று நேர்மையாக எழுதிக்கொண்டு வராது. 'பட உணரியும் செயலியும் கொண்ட அமைப்பு' என்று கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வரும். என் தொழிலில் இந்த வேடத்தைத் தினமும் பார்க்கிறேன்.

போன மாதம் அண்ணனிடம் இந்த வழக்கைப் போனில் சொன்னேன். இன்னும் அதே ஊரில், வேறு ஒரு கடையில் இருக்கிறார். பொறுமையாகக் கேட்டார். "சரி பண்ணிட்டுத்தான் அடுத்தது போகணும்னு சொன்னதுக்கா கேசு? அது நான் உனக்குச் சொன்னதாச்சே" என்றார். அவர் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் என் தொழிலின் கணக்கில் அது ஒரு தாள்.

பிரிவு 25(1)-இன்படி, இந்தியாவில் காப்புரிமை வழங்கப்படும் முன் அதை எதிர்த்து யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். வக்கீலாக இருக்கத் தேவையில்லை, போட்டிக் கம்பெனியாக இருக்கத் தேவையில்லை. 2024 விதித் திருத்தத்தில் அதற்கும் கட்டணம் வைத்துவிட்டார்கள். நாலு பேர் சேர்ந்தால் கட்டிவிடலாம். காப்புரிமை அலுவலகத்தின் இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையத்தில் இலவசமாக வெளியாகிறது. மருந்தியல் படித்தவர் ஒருவர், கணினி படித்தவர் ஒருவர், பொறுமையாக ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், இந்த மூன்று பேர் இருந்தால் தொலை மருந்தகம் தொடர்பான விண்ணப்பங்களைக் கண்காணிக்க முடியும். தேடும் முறையை நான் சொல்லித்தருகிறேன். கடை டெக்னீஷியன்களிடம் போய் அவர்கள் இருபது ஆண்டாக என்ன செய்துவருகிறார்கள் என்று கேட்டு, தேதி போட்டு எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். முதல் பேட்டிக்கு அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் கடை லீவு.